1984: நானும் ஒரு கல் எறிஞ்சேன்

அக்டோபர் 31 வந்தாலே எனக்குள்ள கொசுவத்தி தானா சுத்த ஆரம்பிச்சிடும். பல வருஷமா எழுதணும்னு உட்கார்ந்து, பாதி தட்டிட்டு, அழிச்சுட்டு எழுந்து போன பதிவு இது. சோம்பேறித்தனம் ஒரு காரணம். இந்தக் கதையில நான் நல்லவன் இல்லைங்கறது இன்னொரு காரணம்.

எழுபதுகள்ல பிறந்த யாரை வேணா கேட்டுப் பாருங்க. இந்திரா காந்தி சுடப்பட்ட அன்னிக்கு எங்க இருந்தீங்கன்னா டக்குனு பதில் வரும். ஸ்கூல் பாதியில விட்டாங்க, கடையெல்லாம் மூடினாங்க, பக்கத்து வீட்டு டிவியில மூணு நாள் சோக சங்கீதம். எல்லார் கதையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். என் கதையில அதுக்கப்புறம் ஒரு சாயங்காலம் கூடுதலா இருக்கு.

அப்ப எனக்கு 9 வயசு. நாலாம் வகுப்பு. ஊர் ரெட்ஹில்ஸ். போர்டுல செங்குன்றம்னு எழுதியிருந்தாலும் எங்க வாயில எப்பவும் ரெட்ஹில்ஸ்தான். ஏரி, அரிசி ஆலைகள், நடுவுல கல்கத்தாவுக்குப் போற ஜி.என்.டி. ரோடு. ராத்திரி பகல்னு இல்லாம லாரி ஓடும். வடக்கத்தி லாரிக்காரங்களுக்காக ரோட்டோரத்துல ஒரு சர்தார்ஜி தாபா வச்சிருந்தார். முன்னாடி நாலு கயித்துக் கட்டில், பக்கவாட்டுல மண் அடுப்பு, பின்னாடியே வீடு. நாங்க அவரை சிங் மாமான்னு கூப்பிடுவோம். ஸ்கூல் விட்டு வரும்போது அடுப்புல இருந்து எடுத்த ரொட்டியில நெய் தடவி, வெல்லத்தை நசுக்கி உள்ள வச்சு, சுருட்டிக் கையில குடுப்பார். "தம்பி, சாப்ட்டான்?"னு கேட்பார். நாங்க சிரிப்போம். அவரும் சிரிப்பார். காசு வாங்கினதே இல்லை.

இன்னொரு ஆள் என் தாத்தா. பழைய தி.மு.க.காரர். 1976 ஜனவரி 31-ம் தேதி கலைஞர் ஆட்சியைக் கலைச்சதை அவர் சாகற வரைக்கும் மன்னிக்கலை. 1980 தேர்தல்ல கட்சியே இந்திரா காங்கிரஸோட கூட்டணி வச்சப்பகூட, "தலைவர் மன்னிக்கலாம், நான் மாட்டேன்"னு சொன்ன மனுஷன். அப்படிப்பட்டவர் 1983-ல மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

அதுக்குக் காரணம் கொழும்பு. 1983 ஜூலை 23-ம் தேதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில விடுதலைப் புலிகள் நடத்தின தாக்குதல்ல 13 ராணுவ வீரர்கள் செத்தாங்க. அதுக்கு மறுநாள் ராத்திரி கொழும்புல தமிழர் கடைகளும் வீடுகளும் எரிய ஆரம்பிச்சுது. எது தமிழன் வீடுன்னு கண்டுபிடிக்க வந்தவங்க கையில வாக்காளர் பட்டியல் இருந்துது. வெலிக்கடை சிறைக்குள்ள மட்டும் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்னாங்க. தமிழ்நாடே கொதிச்சுது. எங்க ஸ்கூல் பசங்க எல்லாம் கறுப்புத் துணியை சட்டையில குத்திக்கிட்டு ஊர்வலம் போனோம். இந்திரா அம்மா வெளியுறவு மந்திரி நரசிம்ம ராவை உடனே கொழும்புக்கு அனுப்பினாங்க. தாத்தா பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "இது ஒண்ணாவது ஒழுங்கா செஞ்சுதே அந்த அம்மா"ன்னார்.

எனக்கு அது போதும். ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனப்ப அவர்கிட்ட பேசினதும் அந்த அம்மாதான், ஆஸ்பத்திரியில இருந்த எம்.ஜி.ஆரைப் பார்க்க மெட்ராஸ் வந்ததும் அந்த அம்மாதான். இலங்கைத் தமிழர்களையும் அவங்கதான் காப்பாத்தப் போறாங்க. 9 வயசுல உலகம் அவ்வளவு சுலபமா இருந்துது.

1984 அக்டோபர் 31, புதன்கிழமை. தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம். எங்க வீட்டுல மிச்சம் இருந்த ஓலை வெடியை எப்ப வெடிக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு வகுப்புல உட்கார்ந்திருந்தேன். டீச்சர்கள் வராந்தாவுல கூடிக் கூடிப் பேசினாங்க. மத்தியானம் மணி அடிச்சு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. நாங்க சந்தோஷமா ஓடினோம். ரோட்டுக்கு வந்தா கடை ஷட்டரெல்லாம் இறங்கிக்கிட்டு இருந்துது.

அன்னிக்குக் காலையில சுமார் 9.20 மணிக்கு, டெல்லி சப்தர்ஜங் ரோடு 1-ம் எண் வீட்டுல இருந்து பக்கத்துல இருக்கற அக்பர் ரோடு அலுவலகத்துக்கு இந்திரா நடந்து போனாங்க. பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் உஸ்தினாவ் டிவி பேட்டிக்காகக் காத்திருந்தார். நடுவுல இருந்த சின்ன கேட்டுல காவலுக்கு நின்ன பியாந்த் சிங், சத்வந்த் சிங் ரெண்டு பேரும் சுட்டாங்க. ரெண்டு பேரும் சீக்கியர்கள், ரெண்டு பேரும் அவங்க மெய்க்காவலர்கள். அந்த வருஷம் ஜூன் மாசம் அமிர்தசரஸ் பொற்கோயில் வளாகத்துக்குள்ள ராணுவத்தை அனுப்பின புளூ ஸ்டார் நடவடிக்கைக்குப் பழி. அதுக்கப்புறமும் சீக்கியக் காவலர்களை மொத்தமா மாத்த இந்திரா சம்மதிக்கலைன்னு அப்ப கூட இருந்தவங்க எழுதியிருக்காங்க. பியாந்த் சிங் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சத்வந்த் சிங்கையும், சதியில சேர்ந்தவர்னு தீர்ப்பான கேஹர் சிங்கையும் 1989 ஜனவரி 6-ம் தேதி தூக்குல போட்டாங்க.

இதெல்லாம் பின்னாடி படிச்சது. அன்னிக்கு எங்களுக்குத் தெரிஞ்சது தாத்தாவோட டிரான்சிஸ்டர் சொன்னதுதான். பி.பி.சி. பகல்லயே சொல்லிடுச்சு. ஆல் இந்தியா ரேடியோ இறந்துட்டாங்கன்னு அதிகாரபூர்வமா சொன்னது சாயங்காலம் 6 மணி செய்தியிலதான். தாத்தா ரேடியோவை அணைச்சுட்டு திண்ணையில உட்கார்ந்தார். எட்டு வருஷமா திட்டினவர் துண்டால கண்ணைத் துடைச்சதை அன்னிக்குத்தான் பார்த்தேன். பெரியவங்க அழுவாங்கன்னு எனக்குத் தெரியும். தாத்தா அழுவார்னு தெரியாது.

மறுநாள்ல இருந்து எங்க தெருவே ஆலைக் கணக்குப்பிள்ளை வீட்டுல. தெருவுல அது ஒண்ணுதான் டிவி, சாலிடேர். தீன் மூர்த்தி பவன்ல உடலை வச்சிருந்தாங்க. ஜனங்க வரிசையா வந்து பார்க்கறாங்க, அழறாங்க. கறுப்பு வெள்ளையில அந்த முகம். தலைமாட்டுல ராஜீவ். இடையில கூட்டம் கோஷம் போடும். எங்களுக்கு இந்தி தெரியாது, இந்திரா அம்மாவை வாழ்த்தறாங்கன்னு நினைச்சுக்கிட்டோம். அதுல 'கூன் கா பத்லா கூன்' கோஷமும் இருந்துதுன்னு டெல்லிக்காரங்க பல பேர் பின்னாடி சாட்சி சொன்னாங்க. ரத்தத்துக்கு ரத்தம்னு அர்த்தம்.

நவம்பர் 2, வெள்ளிக்கிழமை. வழக்கமா ஒளியும் ஒலியும் போடற நாள். அன்னிக்கு அதுவும் கிடையாது. ஸ்கூலும் இல்லை. ஆறேழு பசங்க என்ன பண்றதுன்னு தெரியாம ரோட்டுப் பக்கம் சுத்திக்கிட்டு இருந்தோம். தாபா மூடியிருந்துது. கட்டில்களைச் செவுத்து மேல சாய்ச்சு வச்சிருந்தாங்க. சுட்டவங்க சிங்குன்னு பேப்பர்ல படம் போட்டே வந்திருந்துது. எங்களைவிடப் பெரிய பையன் ஒருத்தன், "இவனுங்கதாண்டா சுட்டது"ன்னான். கீழ குனிஞ்சு ஒரு ஜல்லியை எடுத்துத் தகர போர்டு மேல விட்டான். டமார்னு சத்தம். அந்தச் சத்தம் எங்களுக்குப் பிடிச்சுது. உண்மையைச் சொல்லணும்னா ரொம்பவே பிடிச்சுது. ஆளுக்கொரு கல் எடுத்தோம்.

என் கல் போர்டு மேல படலை. பின்பக்கம் வீட்டு ஜன்னல் கண்ணாடியில பட்டுது. உடைஞ்ச சத்தத்தோட உள்ள ஒரு பொம்பளைக் குரல் வீல்னு கத்தி, அப்படியே நின்னு போச்சு. யாரோ வாயைப் பொத்தின மாதிரி. நாங்க சிரிச்சுக்கிட்டே ஓடினோம்.

யாரோ பார்த்து தாத்தாகிட்ட சொல்லிட்டாங்க. அவர் அடிக்கலை. "எறிஞ்சியா?"ன்னு கேட்டார். தலையாட்டினேன். சட்டையை மாட்டிக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தார். இருட்டிடுச்சு. தாபாவுக்குப் பின்னாடி போனோம். உடைஞ்ச ஜன்னலை உள்ள இருந்து அட்டை வச்சு மறைச்சிருந்தாங்க. அதோட இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சுது.

தாத்தா கதவைத் தட்டினார்.

உள்ள எரிஞ்சுக்கிட்டு இருந்த விளக்கு அணைஞ்சுது.

இந்தப் பதிவுல நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். தாத்தா மறுபடி தட்டினார், தன் பேரைச் சொன்னார், "பயப்படாதீங்க"ன்னார். ரொம்ப நேரம் கழிச்சு கதவு ஒரு சாண் திறந்துது. சிங் மாமா நின்னார். ஆறடி ஆள். லாரிக்காரங்க குடிச்சுட்டு வந்து தகராறு பண்ணா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளற ஆள். அவர் கையில அடுப்புல ரொட்டி எடுக்கற இரும்புக் கம்பி. அந்தக் கம்பி நடுங்கிக்கிட்டு இருந்துது.

தாத்தா கையெடுத்துக் கும்பிட்டார். "பேரன் தப்பு பண்ணிட்டான். மன்னிச்சுடுங்க"ன்னார். சிங் மாமா கீழ பார்த்தார். தெரு விளக்கு வெளிச்சத்துல என் முகத்தை அடையாளம் கண்டார். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பச்சா... பரவால்லே"ன்னு சொல்லிட்டுக் கதவை மூடினார். உள்ள தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டுது. ரெண்டு தாழ்ப்பாள்.

திரும்பி வரும்போது தாத்தா சொன்னார். "நான்கூடதான் அந்த அம்மாவுக்காக அழுதேன். அதுக்கு இந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? போன வருஷம் கொழும்புல என்ன பண்ணாங்கன்னு ஊர்வலம் போனியே. அதையேதானடா நீயும் பண்ணியிருக்கே."

அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னார். 1947-ல லாகூர் பக்கத்துல இருந்து சின்னப் பையனா ஓடி வந்தவராம் சிங் மாமா. அப்பவும் ராத்திரியிலதான் கதவைத் தட்டினாங்களாம்.

சாவைப் பார்த்துதான் குழந்தைத்தனம் போகும்னு சொல்வாங்க. எனக்கு டிவியில பார்த்த சாவால எதுவும் போகலை. அந்த விளக்கு அணைஞ்சப்ப போச்சு. எனக்கு ரொட்டி குடுத்த ஒரு பெரிய மனுஷன் என்னைப் பார்த்து பயந்தார். பயப்படற மாதிரிதான் நான் இருந்தேன்.

ரெட்ஹில்ஸ்ல ஒரு ஜன்னல் கண்ணாடியோட முடிஞ்சுது. அதே நேரத்துல டெல்லியில என்ன நடந்துதுன்னு காலேஜ் படிக்கும்போதுதான் முழுசா படிச்சேன்.

முதல் கல் விழுந்தது அக்டோபர் 31 சாயங்காலமே. ஏமன் நாட்டுப் பயணத்துல இருந்து அவசரமா திரும்பின ஜனாதிபதி ஜெயில் சிங் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அவரோட வாகனங்கள் மேல கல்லெறிஞ்சாங்க. நாட்டோட முதல் குடிமகன், முப்படைகளுக்கும் தலைவர். தலைப்பாகை கட்டியிருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள்ல இருந்து அது கல்லோட நிக்கலை. கும்பல் பஸ்லயும் வேன்லயும் வந்துது. மண்ணெண்ணெய் வந்துது. எது சீக்கியர் வீடுன்னு தெரிஞ்சுக்க வாக்காளர் பட்டியலும் ரேஷன் பட்டியலும் வந்துது. கொழும்புல பார்த்த அதே பட்டியல், 15 மாசம் கழிச்சு. யமுனைக்கு அந்தப் பக்கம் இருந்த திரிலோக்புரியில 32-ம் பிளாக்ல மட்டும் நூத்துக்கணக்கான பேரைக் கொன்னாங்க. பெரும்பாலும் ஏழை உழைப்பாளிங்க. பல இடத்துல போலீஸ் வேடிக்கை பார்த்துது, சில இடத்துல தற்காப்புக்குக் கூடியிருந்த சீக்கியர்களைத்தான் கலைச்சு அனுப்பிச்சுது. இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபர் ராகுல் பேடியும் சக நிருபரும் நவம்பர் 2-ம் தேதி திரிலோக்புரிக்குள்ள போய்ப் பார்த்து எழுதினதாலதான் வெளியுலகத்துக்கு அது தெரிஞ்சுது. நாங்க ஜல்லி பொறுக்கின அதே நாள்.

ராணுவம் சரியா இறங்கி நிலைமை அடங்க நவம்பர் 3 ஆயிடுச்சு. அன்னிக்குத்தான் இறுதி ஊர்வலம், ராஜீவ் சிதைக்குத் தீ வச்சதை நாடே டிவியில பார்த்துது. டெல்லியில மட்டும் செத்தவங்க 2,733 பேர்னு அரசாங்கக் கணக்கு. கான்பூர், பொகாரோன்னு மத்த ஊர்ச் சாவுகள் தனி. நாங்க மூணு நாள் டிவி முன்னாடியே உட்கார்ந்திருந்தோம். இதுல எதையும் எங்க சாலிடேர் காட்டலை. அந்தம்மா முகத்தை மட்டும் காட்டிக்கிட்டே இருந்துது.

நவம்பர் 19, இந்திரா பிறந்த நாள் கூட்டத்துல ராஜீவ் பேசினது எல்லாருக்கும் தெரியும். பெரிய மரம் விழுந்தா சுத்தி இருக்கற நிலம் கொஞ்சம் அதிரும்ங்கற மாதிரி சொன்னார். டிசம்பர் தேர்தல்ல 400 தொகுதிக்கு மேல ஜெயிச்சார். அந்த நவம்பர்லயே பி.யூ.சி.எல்., பி.யூ.டி.ஆர். ரெண்டு அமைப்பும் சேர்ந்து 'குற்றவாளிகள் யார்?'னு ஒரு அறிக்கை போட்டாங்க. தானா பொங்கின கோபம் கிடையாது, ஆளும் கட்சி ஆட்கள் முன்னால நின்னு நடத்தினதுன்னு பேர் பேரா எழுதியிருந்தாங்க. அப்புறம் மிஸ்ரா கமிஷன்ல ஆரம்பிச்சு வரிசையா கமிட்டிகள். நானாவதி கமிஷன் அறிக்கை 2005-ல வெளிவந்தப்ப, பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்துல வெட்கித் தலைகுனியறேன்னு மன்னிப்பு கேட்டார். அவரே ஒரு சீக்கியர். காங்கிரஸ் தலைவர் சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது 2018 டிசம்பர் 17-ம் தேதி. 34 வருஷம். திலக் விஹார்ல 'விதவைகள் காலனி'ன்னே பேர் வந்துட்ட குடியிருப்புல, அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்து செத்தவங்க எத்தனை பேரோ.

"கும்பல்ல யாரு எவருன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"ன்னு பல பேர் கேட்டிருக்காங்க. எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. எங்க ஆறேழு பேர்ல யாரு எந்தக் கல் எறிஞ்சதுன்னு இன்னிக்கும் என்னால சொல்ல முடியும். எறிஞ்சவனுக்கு ஞாபகம் இருக்கும்.

1991 மே 21. இந்தத் தடவை டெல்லி இல்லை, எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல இருக்கற ஸ்ரீபெரும்புதூர். எனக்கு 16 வயசு. புழல் காவாங்கரையில இலங்கை அகதிகள் முகாம் இருந்துது, அந்த முகாம் பையன் ஒருத்தன் எங்க கூடப் படிச்சான். ராஜீவ் படுகொலைக்கு அப்புறம் ஈழத் தமிழ் காதுல விழுந்தாலே ஜனங்க திரும்பிப் பார்த்த காலம் அது. 1983-ல அவங்களுக்காகக் கறுப்புத் துணி குத்தின அதே ஊர். லீவு முடிஞ்சு வந்தப்ப அந்தப் பையன் வாயையே திறக்கலை. பேசினா பேச்சு காட்டிக் குடுத்துடும். பசங்க அவனை என்னென்னவோ சொன்னாங்க. நான் கல்லெடுக்கலை. ஆனா யாரையும் வாயை மூடுன்னும் சொல்லலை. தாத்தா அப்ப உயிரோட இல்லை. இருந்திருந்தா அதுக்கும் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருப்பார்.

சிங் மாமா ஒரு வாரத்துல தாபாவைத் திறந்துட்டார். ஒரு மாசம் நான் அந்தப் பக்கமே போகலை. அப்புறம் ஒரு நாள் அவரே கூப்பிட்டார். ரொட்டி, நெய், வெல்லம், எல்லாம் பழையபடி. "தம்பி, சாப்ட்டான்?" எனக்குச் சிரிப்பு வரலை. அவரும் சிரிக்கலை. ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போடலை, பலகை வச்சு அடிச்சிருந்தார். ரெண்டு மூணு வருஷத்துல கடையை வித்துட்டுக் குடும்பத்தோட கிளம்பிட்டார். எங்க போனார்னு தெரியாது. போற வரைக்கும் அந்தப் பலகை அப்படியேதான் இருந்துது.

என் பொண்ணு நாலாவது படிக்கும்போது இந்திரா காந்தி பாடம் வந்துது. "அப்பா, அப்ப நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"ன்னு கேட்டா. ஸ்கூல் லீவு விட்டாங்க, டிவி பார்த்தோம்னு ஆரம்பிச்சேன். பாதியில நிறுத்திட்டு, மிச்சத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"நீ சாரி சொன்னியாப்பா?"

தாத்தா சொன்னார். நான் பக்கத்துல நின்னேன்.